வடிவு நீட்டிய கை

உலகம்மாளை யாரும் குரு என்று அழைத்ததில்லை. அழைத்திருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

புளியங்குடியில் ஓர் எலுமிச்சை மண்டியில் காய் பிரிக்கிறவள் அவள். வயது முப்பத்தைந்து. காலையில் ஏலம் முடிந்து, மத்தியானம் லாரிகள் கிளம்பிவிட்டால், நாலு மணிக்கு மண்டி வெறிச்சென்று கிடக்கும். வெள்ளிக்கிழமைதோறும் அந்த நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் அங்கே கூடி வட்டமாகச் சுற்றுவார்கள். காலை ஓங்கி மிதிப்பார்கள். குனிந்து நிமிர்ந்து கை தட்டுவார்கள். பார்வைக்குக் கும்மி போல இருக்கும். பாட்டு மட்டும் இருக்காது.

அதற்கு ஒரு பெயரும் கிடையாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் உலகம்மாளின் மூன்று வயதுப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. பதினாறாம் நாள் முடிந்து வேலைக்கு வந்தவள், ஆட்கள் போனபிறகு மண்டித் தூண் ஒன்றைச் சுற்றித் தரை அதிர மிதித்து மிதித்து நடந்தாள். கூட வேலை பார்த்த பிச்சம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை. என்ன ஏது என்று கேட்கவும் இல்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளும் பின்னாலேயே நடந்தாள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அப்படித்தான் அது தொடங்கியது.

அந்த வட்டத்துக்கு ஒரு தை மாதத்தில் சண்முகவடிவு வந்து சேர்ந்தாள்.

வடிவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கணவர் ஆவுடையப்பன் பஸ் கண்டக்டராக இருந்தவர். சங்கரன்கோவில் வண்டியில் அவர் ஒரு குரல் கொடுத்தால் கடைசி ஸீட்டில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ‘தா’ என்ற ஓரெழுத்து மட்டும்தான் மிச்சம். தண்ணீருக்கும் ‘தா’. வலிக்கும் ‘தா’. ஓசூரிலிருந்து மகன் போனில் பேசினாலும் ‘தா’.

குளிப்பாட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, சோறூட்டுவது எல்லாம் வடிவுதான். மூன்று வருஷத்தில் அவர் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. தெருவில் மாமியார்கள் மருமகளைத் திட்டும்போது வடிவின் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவார்கள். “அந்த மகராசி கால் தூசியை எடுத்து நெத்தியில பூசு, அப்பமாவது புத்தி வரும்.”

அதைக் கேட்கும்போதெல்லாம் வடிவு தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வீட்டுக் கோமதிதான் அவளைக் கூட்டிவந்தவள். “தோளைத் தூக்க முடியலங்கியளேக்கா. வெள்ளிக்கிழமை என்கூட மண்டிக்கு வாங்க. ஒரு மணி நேரம் எங்க வீட்டுக்காரரு அண்ணாச்சி பக்கத்துல இருக்கட்டும்.”

மண்டிக்குள் நசுங்கிய எலுமிச்சையின் நெடி இருந்தது. ஓரத்தில் காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. வடிவு செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

“இதைச் சுத்தினா என்ன போகும்?” என்று உலகம்மாளிடம் கேட்டாள்.

“வேர்வை போகும்.”

கோமதி சிரித்தாள்.

“தோள்வலி?”

“போனாலும் போகும்.”

“மனசுல கெடக்கதெல்லாம்?”

“எங்க கெடக்கு? காட்டுங்க.”

நெஞ்சைத் தொட்டுக் காட்டத்தான் வடிவு நினைத்தாள். ஆனால் அவளுடைய வலது கை தானாக முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

உலகம்மாள் அதைப் பார்த்தாள். “செருப்பைக் கழட்டிட்டு வாங்கக்கா” என்றாள்.

*

அந்தக் கை செய்தது இதுதான்.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை. ஆவுடையப்பனுக்கு வயிறு சரியில்லை. மூன்று தடவை படுக்கை விரிப்பை மாற்றியாகிவிட்டது. துவைத்தது எதுவும் காயவில்லை. வீடெல்லாம் ஈர நெடி. வடிவு இரண்டு ராத்திரியாகக் கண்ணை மூடவில்லை. மத்தியானம் ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவது வாயை அவள் முகத்தில் துப்பினார்.

அவள் அறைந்தாள்.

யோசித்துச் செய்யவில்லை. ஆனால் மெதுவாகவும் அடிக்கவில்லை. அவர் தலை தலையணையில் திரும்பி, அப்படியே நின்றது. உதட்டோரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. ‘தா’ என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வடிவு அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் அவள் சோற்றை எடுத்துக் கையைக் கொண்டுபோனாள். அவர் கண்ணை இறுக்க மூடினார். வாயைத் திறந்தார். அடுத்த வாய்க்கும் அப்படியே. அன்றிலிருந்து அவர் ஒரு நாளும் துப்பியதில்லை. அவள் கை கிட்டே வந்தால் போதும், கண் மூடும், வாய் திறக்கும். குழந்தை மாதிரி அடங்கிச் சாப்பிட்டார்.

அடி பலித்துவிட்டது. அதைத்தான் வடிவால் தாங்க முடியவில்லை.

பார்க்க வந்தவர்கள் அதற்கும் அவளைப் பாராட்டினார்கள். “முன்னெல்லாம் என்ன அடம் பிடிப்பாரு! இப்ப எப்படிச் சொன்னபடி சாப்பிடுதாரு பாரு. எல்லாம் வடிவோட பொறுமை.”

*

மூன்று வெள்ளிக்கிழமை வடிவு வட்டத்தில் சுற்றினாள். காலை மிதித்தாள். கை தட்டும் இடத்தில் இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த இடத்தில் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஒருத்தி சுற்றிக்கொண்டே ஓவென்று அழுவாள். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அழுது முடித்தவளுக்குத் தண்ணீர்ச் செம்பு நீளும்.

வீட்டுக்குப் போனால் நன்றாகத் தூக்கம் வந்தது. ஒருநாள் பிச்சம்மாள் கால் தடுக்கிச் சாக்கில் விழுந்தபோது வடிவு வாய்விட்டுச் சிரித்தும்விட்டாள். சிரித்த வாயை உடனே பொத்திக்கொண்டாள். சிரிக்க என்ன யோக்கியதை என்று இருந்தது.

அந்த வாரத்தில்தான் தெரு நலச் சங்கத் தலைவர் சிதம்பரநாதன் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். மகளிர் தினத்தன்று வடிவுக்கு ‘இல்லற மாமணி’ என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தப்போவதாகச் சொன்னார்.

“எனக்கெதுக்கு சார் அதெல்லாம்?”

“இந்த மனசுக்குத்தாம்மா பட்டமே.”

உள்ளே கட்டிலில் ஆவுடையப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை மண்டிக்குள் நுழைந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கோமதி விஷயத்தைச் சொல்லிவிட்டிருந்தாள். ஒருத்தி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். வடிவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

உலகம்மாள் அன்று எல்லோரையும் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தினாள்.

“கையை ஓங்கி எதிர்ல நிக்கவ கையில தட்டணும். சத்தம் வரணும்.”

வடிவுக்கு எதிரில் இசக்கியம்மாள் வந்து நின்றாள். இருபத்தெட்டு வயது, பீடி சுற்றுகிறவள். அவள் புருஷன் அடிக்கிறவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவள் சொல்லித் தெரிந்ததில்லை. கழுத்திலும் புறங்கையிலும் இருந்த தடங்களைப் பார்த்துத் தெரிந்தது.

வடிவு இடது கையை ஓங்கினாள்.

“வலது கையக்கா” என்றாள் உலகம்மாள்.

வடிவு முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். ஓங்கினாள்.

இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள்.

நீட்டிய உள்ளங்கை நீட்டியபடியே இருந்தது. முகம் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி, கண்கள் இறுகி மூடிக்கொண்டன. அது அவளுக்கே தெரியாமல் நடந்தது.

வடிவின் கை அந்தரத்தில் நின்றது.

“நான் அவுகளை அடிச்சேன்” என்றாள்.

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கைத்தட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

“யாரைக்கா?” என்றாள் கோமதி.

“எங்க வீட்டுல அவுகளை. ஐப்பசி மழையில. கன்னத்துல அறைஞ்சேன். அதுலருந்து என் கை கிட்ட போனாலே கண்ணை மூடிக்கிடுதாக. பயந்துக்கிட்டு வாயைத் திறக்காக. நீங்கள்லாம் பொறுமைங்கிய. பட்டம் தாரேங்கிய.”

பிச்சம்மாள் வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

“ஏளா, மூணு வருசமா அள்ளிப்போட்ட கை. ஒருக்க ஓங்கிட்டா அது கொலைக் குத்தமா? நீயும் மனுசிதான.”

“ஆமா, நாங்களா இருந்தா என்னைக்கோ ஓடியிருப்போம்” என்றாள் இன்னொருத்தி. அவளும் வடிவின் முதுகில் கை வைத்தாள்.

இசக்கி பின்னால் நகர்ந்து தராசுப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க வீட்டு ஆளும் அடிச்சிட்டு அழும்” என்றாள். “காலைப் புடிச்சிக்கிட்டு அழும். அப்பவும் எல்லாரும் இப்படித்தான் தோள்ல கை வச்சு ஆத்துவாக. அவனைத்தான்.”

வடிவின் தோளில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின.

உலகம்மாள் வடிவிடம் போகவில்லை. தராசுப் பக்கம் போனாள்.

“இசக்கி, நிக்கியா? இல்ல வீட்டுக்குப் போறியா?”

இசக்கி யோசித்தாள். “நிக்கேன். அவங்க கையில தட்ட மாட்டேன்.”

“தட்ட வேண்டாம்.”

அதற்குள் வடிவு வாசலில் செருப்புக்குள் காலை நுழைத்திருந்தாள்.

“எங்கக்கா போறிய?”

“எந்த மூஞ்சியோட நிக்க?”

“இந்த மூஞ்சியோடதான். வேற இருக்கா?”

வடிவு செருப்பை விட்டு இறங்கினாள். உலகம்மாள் அவளை வட்டத்தின் ஓரத்தில் நிறுத்தினாள். “வலது கையை நீட்டுங்க. உள்ளங்கை மேல பாத்து இருக்கட்டும். நீங்க யார் கையிலயும் தட்ட வேண்டாம். தட்டணும்னு நினைக்கவ போற போக்குல தட்டிட்டுப் போவா. தோணாதவ சும்மா போவா. கையை நீங்களா முன்னால கொண்டு போகக் கூடாது. இறக்கவும் கூடாது. அவ்வளவுதான்.”

வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கோமதி வந்தாள், தட்டினாள். பிச்சம்மாள் தட்டினாள். இன்னொருத்தி தட்ட வந்து, வடிவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டாமல் போனாள். இசக்கி ஒவ்வொரு சுற்றிலும் வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் முகத்தை நேரே வைத்துக்கொண்டு கடந்து போனாள்.

பத்தாவது சுற்றில் வடிவின் கை கீழே சரியப் பார்த்தது.

“இறக்கவா?”

“வலிக்கா?”

“வலிக்கு.”

“கோவம் வருதா?”

வடிவு பல்லைக் கடித்தாள். வந்தது. இசக்கி மேல் வந்தது. உலகம்மாள் மேல் வந்தது. ஓசூரில் இருக்கிற மகன் மேல், கட்டிலில் கிடக்கிறவர் மேல், காயாத துணி மேல், கழிந்துபோன மூன்று வருஷங்களின் மேல் வந்தது.

“வருது.”

“காலால மிதிங்க. கை அப்படியே இருக்கட்டும்.”

வடிவு மிதித்தாள். தரையில் கிடந்த காய் ஒன்று சிதறியது. கண்ணீரும் மூக்குமாக ஒழுகியது, துடைக்க இன்னொரு கைக்குத் தோன்றவில்லை. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். நீட்டிய கை இறங்கவில்லை.

முடிந்ததும் உலகம்மாள் மற்றவர்களிடம் திரும்பினாள். “அக்கா வீட்டுல வாரத்துல ரெண்டு மூணு நாள் மாத்தி மாத்தி உக்கார ஆள் வேணும். யாரு?”

திங்கள் நான் என்றாள் பிச்சம்மாள். புதன்கிழமைக்குக் கோமதி.

வடிவு குறுகிப்போனாள். “அடிச்சவளுக்கா இதெல்லாம் செய்யணும்?”

“உங்களுக்கு இல்ல. அவருக்கு.”

*

மறுநாள் மத்தியானம் வடிவு சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் எடுத்தாள். பாதி தூரம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஆவுடையப்பன் கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

அவள் ஊட்டவில்லை. கையை அங்கேயே வைத்திருந்தாள். அவர் வாய் திறந்தபடி காத்திருந்தது. சோறு ஆறியது. வெகுநேரம் ஒன்றும் வராததால், என்ன என்று பார்க்க அவர் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தார். கை பாதி வழியில் நின்றிருந்தது.

“சாப்பிடுதியளா?” என்று கேட்டாள்.

அவர் அவளையே பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். தலையை ஒரு பக்கம் அசைத்தார். வேண்டாம்.

ஐப்பசிக்கு அப்புறம் அவர் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வடிவு தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆசை ஆசையாக வைத்த சோறு. கோபம் வந்தது. தட்டை வைத்துவிட்டுக் காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தாள்.

“என்னக்கா இடிக்கிய?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோமதி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. வேர்வை போகட்டும்னு.”

அரைமணி கழித்துத் திரும்பப் போனாள். கையைப் பாதி தூரத்தில் நிறுத்தினாள். இந்தத் தடவை அவர் கண்ணைத் திறந்தபடி இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவதுக்கு மூடிக்கொண்டார். அவள் நிறுத்தினாள்.

திங்கட்கிழமை சிதம்பரநாதன் அழைப்பிதழோடு வந்தார். மஞ்சள் அட்டையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. வடிவு அதை வாங்கவில்லை.

“சார், இது எனக்கு வேண்டாம்.”

“மறுபடியுமா? அழைப்பிதழ் அடிச்சாச்சும்மா.”

“நான் அவுகளையும் அடிச்சேன் சார்.”

அவருக்குப் புரியவில்லை. அவள் கட்டிலைக் காட்டினாள். அவர் கட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். டம்ளரில் டீ பாதி இருந்தது.

“இதெல்லாம் வெளிய சொல்ற விஷயமா?” என்றார் தணிந்த குரலில். “யாருக்கும் தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்களும் விட்டுருங்க.”

“அவுகளுக்குத் தெரியும் சார். அவுக காதுல விழத்தான பட்டம்னு சொன்னிய.”

கட்டிலிலிருந்து “தா” என்று ஒரு சத்தம் வந்தது. என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. சிதம்பரநாதன் டீயை வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

யார் சொன்னார்களோ, மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் வடிவு வந்தால் பேச்சு நின்றது. மருமகள்களுக்கு இப்போது வேறு பேச்சு கிடைத்தது. “மகராசி கால் தூசின்னியளே அத்தை, இப்பவும் எடுத்துப் பூசவா?” வடிவு குடத்தை நிரப்பிக்கொண்டு குனிந்தபடி வந்தாள். இந்தத் தடவை அதை யாரும் அடக்கம் என்று நினைக்கவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியபின் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். செத்துப்போகலாம் என்று இருந்தது. உள்ளேயிருந்து “தா” என்றார். தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள்.

ஓசூரிலிருந்து மகன் நெல்லையப்பன் போன் செய்தான்.

“அம்மா, அப்பாவை அடிச்சியாமே?”

“அடிச்சேன்.”

அவன் அதை எதிர்பார்க்கவில்லை போலும்.

“நான் ஞாயித்துக்கிழமை வாரேன்.”

மூன்று வருஷத்தில் இரண்டு தடவை வந்தவன், வந்தான். அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நான் ஊட்டுதேன்” என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் வாய் போனது. இரண்டாவது வாயை ஆவுடையப்பன் அவன் சட்டையில் துப்பினார்.

நெல்லையப்பனின் தாடை இறுகியது. தட்டைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. ஒரு கணம்தான். பிறகு அவன் மெதுவாகத் திரும்பி, வாசல்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தான். முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டவன் அவன்தான்.

“சுடு தண்ணி இருக்காம்மா? சட்டையைத் துடைக்கணும்.”

அவள் கொண்டுவந்து கொடுத்தாள். ஆவுடையப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் நன்றாகத் திறந்திருந்தது. மகன் போகும்போது மாதம் ஒரு ஞாயிறு வருவதாகச் சொன்னான். வடிவு சரி என்றாள்.

*

மகன் வந்துபோனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வடிவு மண்டிக்குப் போனபோது இசக்கி முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். அவள் இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வடிவு தன் இடத்துக்குப் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வட்டம் சுற்றியது. இசக்கி கடந்து போனாள். மறுபடி வந்தாள், கடந்து போனாள். ஏழாவது சுற்றோ எட்டாவது சுற்றோ, வடிவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள்.

“அவரு இன்னும் கண்ணை மூடுதாரா?”

“சில நேரம்.”

“நானும் மூடுதேன்” என்றாள் இசக்கி. “அன்னைக்கு உங்க முன்னால மூடுனப்பதான் எனக்கே தெரியும்.”

சொல்லிவிட்டுக் கையை ஓங்கினாள். வடிவின் உள்ளங்கையில் பளீரென்று ஒன்று வைத்தாள். மண்டி முழுக்கக் கேட்டது. மறுபடி ஓங்கினாள். மறுபடி. அடிக்கும்போது அவள் தொண்டையிலிருந்து இதுவரை யாரும் கேட்காத ஒரு சத்தம் வந்தது. மற்றவர்கள் நிற்கவில்லை, கால்கள் இன்னும் பலமாக மிதித்தன. வடிவின் கை சிவந்து எரிந்தது. அவள் கையை இழுக்கவில்லை, மூடவில்லை.

இசக்கி களைத்துப்போய் நிறுத்தினாள். இருவரும் மூச்சு வாங்கினார்கள். வடிவு ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“மன்னிப்பெல்லாம் கேக்காதிய” என்றாள் இசக்கி. “நான் அவரு இல்ல.”

பிச்சம்மாள் செம்பை நீட்டினாள். இசக்கி குடித்துவிட்டு மீதியை வடிவிடம் கொடுத்தாள்.

அன்று இசக்கி வீட்டுக்குப் போகவில்லை. கோமதி ஒரு பக்கமும் இன்னொருத்தி ஒரு பக்கமுமாகக் கூட நடக்க, கடையநல்லூரில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். அவள் பிள்ளை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

எல்லோரும் போனபிறகும் வடிவு நின்றாள். உலகம்மாள் சிதறிக் கிடந்த காய்களை விளக்குமாறால் ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“உலகு, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“தோள்வலி போயிட்டு. கோவம் வந்தாக் காலால மிதிக்கேன், அதுவும் போயிடுது. இந்த வெக்கம் மட்டும் போக மாட்டேங்கு. காலையில எந்திரிச்சதும் எனக்கு முன்னால அது எந்திரிச்சு உக்காந்திருக்கு. எத்தனை வெள்ளிக்கிழமை சுத்தினா அது போகும்?”

உலகம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

“இன்னைக்கு மத்தியானம் சோறு ஊட்டுனியளா?”

“ஊட்டுனேன்.”

“கண்ணை மூடுனாரா?”

“ரெண்டு தடவை.”

“அப்ப என்ன செஞ்சிய?”

“கையை நிறுத்திட்டேன். அவுக திறக்கட்டும்னு.”

“சோறு ஆறுமே. உங்களுக்கு வேலை கெடக்குமே. வாய்தான் திறந்திருக்கே, ஊட்டிட்டுப் போயிருக்கலாம்லா?”

“எப்படி ஊட்ட? மனசு வரல.”

“அக்கா, உங்க கையை அந்த இடத்துல எது பிடிச்சு நிறுத்துது?”

வடிவு தன் வலது கையைப் பார்த்தாள். “இந்த வெக்கந்தான்” என்றாள்.